குதிகால் நோட்டு

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், ஊரப்பாக்கத்துக்கு மேற்கே புதிதாக மனை போட்டிருந்த ஒரு இடத்தின் கேட்டில் நான் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்த காலத்தில் ஆரம்பித்த கதை இது. எழுதுவது என் மகள். வாய் மட்டும் என்னுடையது. நான் பள்ளிக்கூடம் போனது மொத்தம் மூன்று நாள். நாலாவது நாள் பள்ளிக்கூடத்துக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் செல்போனில் தட்டிக்கொண்டு வருகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, அவிழ்ந்த வேட்டியை இழுத்துக் கட்டிவிடுவது மாதிரி என் தமிழையும் இழுத்துக் கட்டிவிடுகிறாள். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

அந்த இடம் மனை ஆவதற்கு முன்னால் ஏர்போர்ட்டாக இருந்தது. சிரிக்க வேண்டாம், நிஜம்தான். மீனம்பாக்கம் மாதிரி கண்ணாடிச் சுவர், நகரும் படிக்கட்டு எல்லாம் கிடையாது. நீளமாக ஒரு புல்தரை, ஒரு தகர ஷெட், கம்பத்தில் ஒரு ஆரஞ்சுத் துணிப்பை, இரண்டு குட்டி ப்ளேன். அவ்வளவுதான். அதன் சொந்தக்காரர் பெரிய ப்ளேன் ஓட்டி ரிடையர் ஆனவர். எங்களுக்கு அவர் பைலட் சார். அவருடைய அப்பா வேர்க்கடலை போட்ட நிலத்தை மட்டம் பண்ணி, புல் வளர்த்து, அதில் ப்ளேன் இறக்கினார். மேலே ஏறலாமா என்று காலையில் தாம்பரம் ஏர்ஃபோர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்பார். ஏறலாம் என்றால் ஏறுவார். வேண்டாம் என்றால் ஷெட்டில் உட்கார்ந்து என்னோடு டீ குடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு, இறங்கியதும் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அங்கே எனக்கு வேலை, புல் வெட்டுவது, உள்ளே வரும் மாட்டை ஓட்டுவது, இறங்கும் ப்ளேனுக்குக் கொடி காட்டுவது. கம்பத்தில் தொங்கும் அந்தத் துணிப்பை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும். பார்க்க ஒற்றைக் கால் பேன்ட் மாதிரி இருக்கும். அது கிழிந்தால் என் மனைவிதான் தைத்துத் தருவாள். "ஒனக்கு ஒரு நல்ல பேன்ட்டு கெடையாது, அந்தக் கம்பத்துக்கு மட்டும் வருசா வருசம் பேன்ட்டு" என்பாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் ஏர்போர்ட்டில் வேலை என்று சொல்லி வைத்தேன். எந்த டெர்மினல் என்று கேட்டார்கள். மாட்டு டெர்மினல் என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. இதை எழுதிக்கொண்டிருக்கும் மகள் இந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

இதெல்லாம் போக, என்னுடைய உண்மையான வேலை ஒன்று இருந்தது. அது என் குதிகாலில் இருந்தது.

சிமென்ட் போட்ட பாதை என்றால் மழை பெய்தாலும் ப்ளேன் இறங்கும். புல்தரையில் அது நடக்காது. மேலே பச்சையாக அழகாக இருக்கும்; கீழே மண் ஊறிப்போயிருந்தால் சக்கரம் புதைந்து ப்ளேன் மூக்கைக் குத்திக்கொள்ளும். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தினமும் காலையில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை நடப்பேன். இருபது தப்படிக்கு ஒரு தடவை நின்று, உடம்பு பாரம் முழுக்கக் குதிகாலில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவேன். மண் காய்ந்திருந்தால் கோடு மாதிரி ஒரு தடம் மட்டும் விழும். ஈரம் இருந்தால் குதிகால் உள்ளே இறங்கும். காலை எடுத்ததும் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி, வட்டமாக நிற்கும்.

பைலட் சார் இதற்கென்று ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். தேதியை அவர் எழுதுவார். பக்கத்தில் நான் குறி போட வேண்டும். எழுத்துதான் எனக்கு வராதே. காய்ந்திருந்தால் ஒரு கோடு. தண்ணீர் ஊறினால் ஒரு வட்டம். என் காலில் பார்த்ததை அப்படியே பேனாவில் போட்டேன், அவ்வளவுதான். அதற்குக் குதிகால் நோட்டு என்று பெயரே வைத்துவிட்டோம். வருடம் பூராவும் கோடுதான் இருக்கும். அக்டோபர் பாதி ஆனதும் வட்டம் ஆரம்பிக்கும், பொங்கல் வரைக்கும் போகும். அதிலும் மேற்குக் கோடி, பக்கத்து ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வருகிற பக்கம். அந்த மாதங்களில் ப்ளேன்களை ஷெட்டில் வைத்துப் பூட்டிவிடுவோம். மேற்குக் கோடியில் கொக்குகள்தான் இறங்கும், ஏறும். அதுகளுக்கு நான் கொடி காட்டியதில்லை.

ஒரே ஒரு நாள் நடக்கச் சோம்பல்பட்டு, ஷெட்டில் உட்கார்ந்தபடியே கோடு போட்டேன். சார் இறங்கினார். ப்ளேன் மேற்குக் கோடியில் போய் மூக்கால் உழுதது. மண்ணும் புல்லுமாக வெளியே வந்தவர் அடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. பல்லில் ஒட்டிய மண்ணைத் துப்பிவிட்டு, "நீ வாயில இன்னா காமெடி வேணா பண்ணுய்யா. நோட்டுல பண்ணாத" என்றார். அதற்கப்புறம் அவர் பறக்காத நாளில்கூட நான் நடந்தேன். ஜுரம் வந்தாலும் நடந்தேன். கிட்டத்தட்ட இருபது வருடம் அந்த நோட்டில் நான் பொய் போட்டதில்லை.

பிறகு சாருக்குக் கண் மங்கியது. டாக்டர் பறக்கக் கூடாது என்றார். இரண்டு ப்ளேனையும் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோழிக் கடைக்குப் போகிற கோழி மாதிரி இருந்தது. சார் கேட்டில் நின்று டாட்டா காட்டினார், ப்ளேனுக்கா லாரிக்கா என்று தெரியவில்லை. அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், மாலை போட்டார்கள், நிலத்தை விற்றார்கள், போனார்கள். வாங்கியவர்கள் மனை போட்டார்கள். ப்ளேன் பெயரை வைத்தே ஒரு நகர் என்று பெரிய போர்டு வைத்தார்கள். என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. படத்தில் ப்ளேன் பறந்தது, அது தெரியும். பழைய ஆள் என்று என்னையும் கேட்டில் உட்கார வைத்தார்கள்.

ஷெட்டைப் பிரித்த அன்று, சட்டையை டக்-இன் பண்ணிய சைட் மேனேஜர் அந்த நோட்டைக் கண்டெடுத்தார். நல்ல பையன்தான், சிரித்த முகம்.

"இன்னாண்ணா இது, பூரா முட்டையா போட்டு வெச்சிகீறீங்க?"

"நான் ஸ்கூல்ல வாங்குன மார்க்கு சார். பைலட் சார் பத்திரமா சேத்து வெச்சாரு."

சிரித்தார். அப்புறம், "சும்மா சொல்லுங்கண்ணா" என்றார். சொன்னேன். கோடு என்றால் காய்ந்தது, வட்டம் என்றால் தண்ணீர், மேற்குக் கோடி மழைக்காலத்தில் இப்படித்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மேற்கே திரும்பிப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் வரிசையாக நட்டாகிவிட்டது.

"இத்த வெளிய சொல்லாதீங்கண்ணா. கஸ்டமர் பயந்துருவாங்க" என்றார் மெதுவாக.

என் வியாதி எனக்கு எப்போதும் தெரியும். எதிரில் இருக்கிறவர் முகம் சுருங்கினால் என் வாய் சும்மா இருக்காது. ஏதாவது சொல்லி அந்த முகத்தை மறுபடி விரிக்க வேண்டும். "இதுல பயப்பட இன்னா சார் கீது?" என்றேன். "கோடுன்னா காஞ்சிகினு கீது. வட்டம்னா சைபர், தண்ணி சைபர். ரெண்டுமே நல்ல சேதிதான்."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தோளில் தட்டி, "நீங்க வாட்ச்மேன் இல்லண்ணா, எம்.டி." என்றார். அடுத்த வாரம் ஆபீஸ் மேஜைமேல், கண்ணாடிக்கு அடியில் அந்த நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. வருகிறவர்களிடம் மேனேஜர் அதைக் காட்டி, "ஏர்போர்ட் ரெக்கார்டு சார் இது. இருபது வருஷம், டெய்லி பாத்திருக்காங்க. தண்ணி ஜீரோ" என்பார். வட்டம் நிறைய இருக்கிற பக்கமாகப் பார்த்துத்தான் விரித்து வைத்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குறுகுறு என்றுதான் இருந்தது. ஆனால் நம்முடைய ஜோக்கைப் பெரிய மனிதர் ஒருவர் தினமும் சொல்கிறாரே என்று பெருமையாகவும் இருந்தது. மறைப்பானேன், பெருமைதான் ஜாஸ்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஒரு டீச்சர் ஆட்டோவில் வந்தார். கூடவே அவர் கணவர். அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தது, ஊன்றுகோலோடு நடந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. அவரைக் கீழே இறக்க வேண்டும் என்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் சர்ச்சே. மற்ற நாளெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாராம். "தரையில ஒரு வீடு வேணும்ணா, அவ்ளோதான்" என்றார் டீச்சர். கணவர் புல்லில் நாலடி நடந்து பார்த்துவிட்டு, "இங்க விழுந்தாக்கூட வலிக்காது போல" என்றார்.

மேனேஜர் நோட்டைக் காட்டினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அண்ணனையே கேளுங்க மேடம், அவரு போட்டதுதான்" என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, எங்களுக்கு ஒரே பயம்தான். இங்க தண்ணி வருமா? இந்த வட்டமெல்லாம் என்ன?"

அந்த அம்மா முகம் அவ்வளவு இறுகி இருந்தது. பதில் எதுவாக இருந்தாலும் நம்புவதற்குத் தயாராக இருந்தது. "அது சைபர் டீச்சர்" என்றேன். "இருபது வருசமா தண்ணிக்கு நான் போட்ட மார்க்கு. ஒரு தபாகூட பாஸாவல."

டீச்சர் சிரித்துவிட்டார். அதற்கு முன்னால் எப்போது சிரித்தாரோ தெரியாது, சிரிக்கும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கணவர் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "ப்ளேன் எறங்குன எடத்துல நாமளும் எறங்கிடலாம், வா" என்றார். மேற்குக் கோடியில் ஒரு மனையை முடித்தார்கள்.

இதுவரைக்கும்கூட நான் தப்பித்துக்கொள்ளலாம். மேனேஜர் பக்கத்தில் நின்றார், வேலை போய்விடும், வயசாகிவிட்டது என்று ஆயிரம் சொல்லலாம். அடுத்து நடந்ததற்கு எந்தச் சாக்கும் இல்லை.

வீடு கட்ட ஆரம்பித்தபோது மேஸ்திரிக்கும் டீச்சருக்கும் ஒரு பேச்சு வந்தது. தரைமட்டத்திலிருந்து வீட்டை எவ்வளவு உயர்த்துவது என்று. பேஸ்மென்ட் மூன்றடி ஏற்ற வேண்டும் என்றார் மேஸ்திரி. அப்படி ஏற்றினால் வாசலில் ஐந்தாறு படி வரும். சரிவாகப் பாதை போடலாம் என்றால், மூன்றடி உயரத்துக்குச் சரிவு போட்டால் அது தெருவில் போய்த்தான் முடியும், அவ்வளவு இடம் இல்லை. டீச்சர் யோசித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார். அன்றைக்கு மேனேஜர் இல்லை. நானும் அவரும் மட்டும்தான்.

"அண்ணா, தண்ணிதான் வராதே. அரை அடியோட விட்டுடலாமா? அவருக்குப் படி இல்லாம இருந்தா தானா உள்ள போயிடுவாரு."

சொல்லியிருக்கலாம். டீச்சர், நான் சொன்னது ஜோக்கு, மூன்றடி என்ன, நாலடி ஏற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மனை வாங்கியாகிவிட்டது, இதைச் சொன்னால் மேனேஜருக்குக்கூட நஷ்டம் இல்லை. ஆனால் முதலில் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு படிச்ச அம்மா, என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர், என் பேச்சுக்குச் சிரித்தவர். அவர் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். அந்த யோசனையிலேயே வாய் திறந்துவிட்டது.

"வுட்டுருங்க டீச்சர். ப்ளேனே படி இல்லாமதான எறங்கிச்சு."

மறுபடியும் சிரித்தார். மேஸ்திரியிடம் போய் அரை அடி என்றார். மேஸ்திரி வெளியூர்க்காரர், தூரத்திலிருந்து என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கேட்டுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தேன். போன வாரம்தான் போட்டிருந்தேன்.

புதுவீட்டு ஜெபத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சர்ச் ஐயர் ஜெபம் பண்ணி முடித்ததும், கணவர் யார் கையையும் பிடிக்காமல், ஊன்றுகோலை ஊன்றி, வாசலிலிருந்து ஹால் வரைக்கும் தானாகவே நடந்து போனார். படி கிடையாது, ஒரு சின்ன மேடு அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி தட்டினேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, செருப்பைப் போடுவதற்கு முன்னால் என் குதிகால் தானாகவே அந்த வாசல் மண்ணை ஒரு அழுத்து அழுத்தியது. வெயில் காலம். கோடுதான் விழுந்தது.

முதல் வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தெரு நனைந்தது, அவ்வளவுதான். டீச்சர் ஸ்கூலுக்குப் போகும்போது கேட்டில் நின்று, "உங்க சைபர் சரியாத்தான் இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் அதை நம்ப ஆரம்பித்தேன். பொய்யைச் சொன்னவனே நம்புகிற அளவுக்கு நல்ல பொய்.

இரண்டாவது வருடம் மழை ஏமாற்றவில்லை. மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு மேற்கே நடந்தேன். தெருவுக்குத் தார் போட்டிருந்தார்கள், ஓரத்தில்தான் மண். குதிகாலை வைத்தேன். கணுக்கால் வரை இறங்கியது. காலை எடுக்கவே இல்லை, அதற்குள் தண்ணீர் சுற்றி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஏரிப் பக்கமிருந்து, சத்தமே இல்லாமல், பழுப்பாக ஒரு தகடு மாதிரி தண்ணீர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. இருபது வருடம் அது வந்த அதே வழி. நடுவில் வீடு கட்டினால் அதற்கென்ன.

டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். பத்து மணிக்கு ஹாலில் முழங்கால் அளவு. டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டுகளையும் பைபிளையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றார். கணவரைச் சாப்பாட்டு மேஜைமேல் உட்கார வைத்திருந்தார். மிதந்து போகாமல் இருக்க ஊன்றுகோலை அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பால் ஊற்றுகிறவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவரும் நானும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கணவரை உட்கார வைத்துத் தோளுக்குத் தூக்கினோம். படி இல்லாத வாசலைத் தண்ணீருக்குள் தேடித் தேடி வெளியே வந்தோம். ஒரு படி இருந்திருந்தால் கால் கண்டுபிடித்திருக்கும்.

அப்போது கணவர், என் தலைக்கு மேலேயிருந்து, "அண்ணா, இன்னிக்கு ப்ளேன் எறங்குமா?" என்று கேட்டார்.

கிண்டல் பண்ணவில்லை. பயத்தில் இருக்கிற மனைவியைச் சிரிக்க வைக்கக் கேட்டார், எனக்கு அது தெரிந்தது. என் வியாதியேதான் அவருக்கும். நான் நாற்காலியைத் தோளில் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. மதியம் மீட்புப் படகு ஒன்று வந்தது. கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு, நேராக, ப்ளேன் வருகிற அதே பாதையில் வந்து எங்கள் முன்னால் நின்றது. என் கை கொடி காட்டப் பாதி உயர்ந்தது. அடக்கிக்கொண்டேன்.

தண்ணீர் வடிய பன்னிரண்டு நாள் ஆனது. அவர்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்கே திரும்பிப் போனார்கள். அந்த அவசரத்தில் கிடைத்தது மறுபடியும் இரண்டாவது மாடிதான். நான் கேட்டிலேயே இருந்தேன். மேனேஜர் ஆபீஸைக் கழுவிவிட்டு, மேஜைக் கண்ணாடியை மாற்றினார். நனைந்துபோன நோட்டைக் குப்பையில் போட்டார். நான் அதை எடுத்து, கேட்டின் மேலே வைத்து வெயிலில் காய வைத்தேன். சாரின் தேதிகள் கொஞ்சம் கலைந்திருந்தன. பால் பாயிண்டில் அழுத்திப் போட்ட என் வட்டங்கள் ஒன்றுகூடக் கலையவில்லை.

டீச்சர் வீட்டு வாசலில் விற்பனைக்கு என்று ஒரு அட்டை தொங்கியது. ஆறு மாதம் ஆகியும் தொங்கியது. எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. கடைசியில் ஒரு நாள், நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ராஜகீழ்ப்பாக்கம் போனேன். இரண்டு மாடி ஏறினேன். கணவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். உட்காருங்கண்ணா என்றார். உட்காரவில்லை.

"டீச்சர், வட்டம்னா தண்ணி" என்றேன். "மேனேஜர் சொல்லிக் குடுக்கல. அந்த சைபர் ஜோக்கு என்னுது. பேஸ்மென்ட்டுக்கும் நான்தான் பொய் சொன்னேன்."

திட்டுவார் என்றுதான் வந்தேன். திட்டினால் இறங்கி வருவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ரொம்ப நேரம் திருப்பினார்.

"தேதி எல்லாம் பக்கத்துலயேதான் இருக்கு" என்றார். "வட்டம் எல்லாம் அக்டோபர், நவம்பர், டிசம்பர். மூணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட குடுத்தாக்கூடக் கண்டுபிடிச்சிருக்கும். நான் டீச்சர்ணா. தேதியைப் பாக்கல. உங்க முகத்தைப் பாத்தேன்."

பால்கனியிலிருந்து கணவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் ஏதாவது ஜோக் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை.

"வீட்டைக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க" என்றார் டீச்சர். "தண்ணி வருமான்னு கேட்டாங்க. வரும்னு சொன்னேன். போயிட்டாங்க." அப்புறம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "இது இங்கயே இருக்கட்டும்ணா. அடுத்து யாராவது கேட்டா, காட்டறதுக்கு வேணும்."

டீ போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு ஒரு இளம் ஜோடி வந்தது. மேற்கே இன்னும் நாலு மனை விற்காமல் கிடந்தது; நாலு லாரி மண் கொட்டி மூடியிருந்தார்கள். மேனேஜர் எதிரிலேயே சொன்னேன்.

"இங்க தண்ணி வரும்மா. இடுப்பு வரிக்கும் வரும். படகு வந்துச்சு."

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். மேனேஜர் பதறவே இல்லை. "அண்ணன் எப்பவும் இப்டித்தான் மேடம், செம காமெடி. பழைய ஏர்போர்ட் ஸ்டாஃப்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மறுபடி சொன்னேன், இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். படகு மாதிரி கையை ஆட்டிக் காட்டச் சொல்லி என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, மனையைப் பார்க்க உள்ளே போனார்கள். என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மேனேஜர் அனுப்பவில்லை. "கஸ்டமர் சிரிச்சா நமக்கு நல்லதுதான்ணா" என்றார். நானேதான் விசிலையும் தொப்பியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் குதிகால் தானாகவே ஒரு அழுத்து அழுத்தும். மழை மாதத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி வட்டமாக நிற்கும். டீச்சர் வீட்டு அட்டை இன்னும் வாசலில் தொங்குகிறது என்று அப்போது ஞாபகம் வரும். அந்த ஊரில் நான் விட்ட ஜோக்குகளில் ஒன்றுதான் நிஜமாகிப் போயிருக்கிறது: நோட்டில் இருக்கிற முட்டையெல்லாம் நான் வாங்கின மார்க்குத்தான்.